629-ஆவது மைலில் ஒரு நிமிடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே மும்பையில் பழைய கார்களின் ஊர்வலம். குடும்பத்தோடு போயிருந்தேன். ஒரு ரோல்ஸ் ராய்ஸ் முன்னால் நின்று பையன் கேட்டான்: "அப்பா, அந்தக் காலத்துல வண்டி நல்லா இருக்கான்னு எப்படிப் பாத்திருப்பாங்க?"

பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் பதில் எனக்குத் தெரியும். ஓட்டித்தான்.

ரோல்ஸ் ராய்ஸின் முந்தைய ஆறு சிலிண்டர் காரில் கிராங்க்ஷாஃப்ட் பெரிய தலைவலி. ஓடும்போது முறுக்கிக்கொண்டு அதிரும். சில வண்டிகளில் உடைந்தே போயிற்று. ஹென்றி ராய்ஸ் 1906-இல் கொண்டுவந்த 40/50 மாடலில் அதைத் தடிமனாக்கி, 7 பேரிங்குகளில் தாங்க வைத்தார்.

இன்னொரு சிக்கல் பாடி. சேஸிஸும் எஞ்சினும் மட்டும்தான் ரோல்ஸ் ராய்ஸ் செய்யும். பாடி கட்டுவது பார்க்கர் போன்ற கோச் கம்பெனிகள். மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்த பாடி அது. மேடு பள்ளத்தில் சேஸிஸ் வளைந்து கொடுத்தால் மூட்டு தளரும், கதவு ஆடும், கீச் கீச்சென்று சத்தம் வரும். ஷெட்டில் நிறுத்தித் தட்டிப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

அதனால் 1907-இல் நிர்வாகி கிளாட் ஜான்சன், வெள்ளி நிறம் பூசிய ஒரு 40/50-ஐ ரோட்டில் இறக்கினார். அதுதான் 'சில்வர் கோஸ்ட்'. லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே திரும்பத் திரும்ப, 15,000 மைல். கூடவே ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் பார்வையாளர்கள். நம் பாஷையில் சொன்னால், வெளி ஆடிட்டர்கள்.

629-ஆவது மைலில் வண்டி நின்றது. அதிர்வில் பெட்ரோல் குழாயின் திருகு தானாகவே மூடிக்கொண்டுவிட்டது! திறந்துவிட ஒரு நிமிடம்தான். ஆனால் அதையும் குறித்துவைத்தார்கள். அதற்குப்பின் 14,371 மைல், கோளாறு என்று ஒருமுறைகூட நிற்கவில்லை. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், கணக்கு 'டேலி' ஆகும்.

முடிவில் வண்டியைப் பிரித்து அளந்தார்கள். புதிதுபோல் ஆக்கத் தேவைப்பட்ட பாகங்களின் விலை 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ்.

என்னைக் கேட்டால், அந்த ரிப்போர்ட்டின் பலம் 14,371 அல்ல, 629தான். நின்றதை எழுதியதால்தான் நிற்காமல் ஓடியதை ஊர் நம்பியது.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிளையின் கணக்கைச் சரிபார்க்கப் போனேன். நாற்பது ரூபாய் உதைத்தது. "சின்ன விஷயம் சார், விடுங்க" என்றார்கள். விட்டேன். அடுத்த வருடம் அதே ஓட்டை வழியாகப் பெரிய தொகை போயிருந்தது. என் கையெழுத்தை நம்பிய ஒரு காசாளர், தப்பு செய்யாமலே ஆறு மாதம் சஸ்பென்ஷனில் இருந்தார். அவர் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

பையனிடம் காரின் கதையை மட்டும் சொன்னேன். மற்றதை அவன் கொஞ்சம் வளர்ந்ததும் சொல்ல வேண்டும்.