கொழுந்துத் தூளைத் தூக்கும் காற்று

காலையில் நாம் குடிக்கும் பிளேன்டீயின் தூள், தேயிலை ஸ்டோரின் டிரையருக்குள் சிறிது நேரம் காற்றில் மிதந்து வந்ததாக இருக்கலாம். துளைத் தகட்டின் மேல் தூளைப் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை ஊதுவார்கள். வேகம் குறைந்தால் காற்று இடுக்குகளில் நழுவிப் போய்விடும். தூளின் பாரத்தைத் தாங்கும் வேகம் வந்ததும், படுக்கை முழுவதும் உலைபோலக் கொதிக்கும். இந்த வித்தை இலங்கை மலைநாட்டுக்கு வந்த வழி நெடியது.

காற்றை ஊதும் விசிறியின் கதையில் தேயிலைக்கும் பங்குண்டு. கச்சாரில் தோட்டம் பார்த்த பெல்ஃபாஸ்ட்காரர் சாமுவேல் டேவிட்சன் 1877இல் சிரோக்கோ டிரையரைக் கொண்டுவந்தார். தேயிலைக்காக அவர் மெருகேற்றிய விசிறிகள் பின்னாளில் சுரங்கங்களுக்கும் போர்க்கப்பல்களுக்கும் காற்றூட்டப் போயின. ஆனால் அவருடைய டிரையரில் இலை தட்டில்தான் கிடந்தது.

தூளை மிதக்கவைத்தவர் ஒரு நிலக்கரிக்காரர். ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் விங்க்லர் 1922இல் கரித்தூளுக்குள் வாயுவை ஊதி அதைப் புரளவைத்தார். நான்கே ஆண்டுகளில் லொய்னாவில் பெரிய ஆலை எழுந்தது. அடுத்து எண்ணெய் வியாபாரிகள் வந்தார்கள். பெட்ரோல் பிரிப்பதில் யூஜீன் ஹூட்ரியின் காப்புரிமைக்குப் பெருந்தொகை கொடுக்க மனமில்லாத கம்பனிகள் 1938இல் கூட்டுச் சேர்ந்து மாற்றுவழி தேடின. 1942இல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜில், மிதக்கும் வினையூக்கித் தூளை வைத்தே பெட்ரோல் வடித்தார்கள். கட்டணம் மிச்சம் பிடிக்கப் போனவர்கள் ஒரு தொழிலையே புரட்டிப்போட்டார்கள்!

கனடாவில் கோதுமையை இப்படி உலர்த்தப் பார்த்தபோது அது முரண்டு பிடித்தது. மணி பெரிதானால் படுக்கை சீராகக் கொதிக்காது. காற்று பெருங்குமிழிகளாகத் திரண்டு திணறும். 1950களின் நடுவில் அங்கே மாத்தூர், கிஷ்லர் என்ற ஆய்வாளர்கள் அடியில் ஒரே துளைவழியாகக் காற்றைப் பீய்ச்சி, மணிகளை நடுவில் ஊற்றாக எழுப்பி ஓரமாக இறங்கவிட்டார்கள். 1973இல் பிராட்ஃபர்டின் டெரெக் கெல்டார்ட் தூள்களை நான்கு வகையாகப் பிரித்தபோது, இந்த முரட்டு மணிகளுக்கு நான்காம் இடம் கிடைத்தது.

ஈரத்தோடு டிரையருக்கு வரும் தடித்த தேயிலைத் தூளும் அந்த நான்காம் வகையின் வாசலில்தான் நிற்கிறது. 1970களில் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம், கொழும்பு கொமர்ஷியல் கம்பனியோடு சேர்ந்து இதற்கென ஒரு டிரையரை உருவாக்கியது. கரிக்கும் கோதுமைக்கும் இல்லாத சிக்கல் இங்கே உண்டு. பாதிக்கு மேல் தண்ணீராக உள்ளே வரும் தூள், சுமார் மூன்று சதவீத ஈரத்தோடு வெளியேற வேண்டும். போகப் போக அது சிறுத்து இலேசாகிறது. நுழையும் முனையில் தூக்கிய அதே காற்று மறுமுனையில் அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே முன்னால் வேகமாகவும் பின்னால் மெதுவாகவும் ஊதும்படி காற்றறையைப் பகுத்தார்கள். என் பார்வையில், இந்த நீண்ட பயணத்திலேயே மிக நுட்பமான திருத்தம் இதுதான்.

உயரமும் இதில் தலையிடும். பட்டிப்பொல ரயில் நிலையம் ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில், அதே சூட்டில், காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பொடித் தூளுக்கு இதனால் பெரிய வேறுபாடில்லை. மூன்று மில்லிமீட்டர் ஈரக்கட்டிக்கோ, அதே மிதப்புக்குக் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் வரவேண்டும்.