நியூ லானார்க் ஆலையூரும் அதன் பள்ளியும்

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆறு அருவிகளாக இறங்கும் பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர் நியூ லானார்க். கிளாஸ்கோ வணிகர் டேவிட் டேல் என்பார், நீர்விசையால் நூல் நூற்கும் பொறியைப் பரப்பிய ரிச்சர்டு ஆர்க்ரைட்டுடன் சென்று அவ்விடத்தைத் தேர்ந்தார். 1786ஆம் ஆண்டில் முதல் ஆலை இயங்கத் தொடங்கிற்று. அண்டை ஊர்களின் மக்களோ ஆலைக்குள் அடைபட்டு உழைக்க மனங்கொள்ளவில்லை. எனவே நிலமிழந்து வந்த மலைநாட்டுக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரப்பட்டது. எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் அறவிடுதிகளிலிருந்து ஆதரவற்ற சிறார் ஏறத்தாழ 500 பேர் வரவழைக்கப்பட்டனர். அவர்களுள் ஆறேழு வயதினரும் இருந்தனர்.

டேல் கொடியவர் அல்லர். தூய படுக்கையும் நல்லுணவும் அளித்தார், ஆசிரியர்களையும் அமர்த்தினார். ஆயினும் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை ஆலைவேலை. அதன் பின்னரே பாடம். உறக்கம் அழுத்தும் கண்களுக்கு எழுத்து எங்ஙனம் தெரியும்? டேலின் மருகரான இராபர்ட் ஓவன் 1800ஆம் ஆண்டு சனவரியில் ஆலைப்பொறுப்பை ஏற்றபோது கண்ட குறை இதுவே. அறவிடுதிச் சிறாரைக் கொணர்வதை அவர் நிறுத்தினார்; 10 வயது நிரம்பாதவர்க்கு ஆலையில் வேலையில்லை என்றும் விதித்தார்.

தொழிலாளர் அவரை உடனே நம்பிவிடவில்லை. அமெரிக்கா தன் ஏற்றுமதியைத் தடைசெய்து, பஞ்சின் விலை ஏறி, ஆலை நான்கு மாதங்கள் நின்றபோது, ஓவன் முழுக்கூலியும் அளித்தார். அதற்கான செலவு 7,000 பவுனுக்கு மேல். அதன் பின்னரே ஊரார் உள்ளம் அவர்பால் திரும்பிற்று.

1816 சனவரி முதல் நாள் பண்புருவாக்க நிலையம் என்னும் பள்ளி திறக்கப்பட்டது. நடைபயிலும் மழலையரும் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு ஆசிரியராக அமர்ந்தவர் ஜேம்சு புக்கானன் என்னும் கைத்தறி நெசவாளர். புலமை குறைவு, பொறுமை மிகுதி. துணைக்கு மாலி யங் என்னும் 17 வயது ஆலைப்பெண். குழந்தையை அடித்தலும் கடுஞ்சொல் கூறலும் ஆகா என்பது ஓவன் இட்ட முதற்கட்டளை. பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. சுவரில் விலங்கு ஓவியங்களும் பெரும் நிலப்படங்களும் தொங்கின. ஆடலும் பாடலும் அன்றாடப் பாடமாயின. மாலையில் பெரியவர்களும் வந்து பயின்றனர். புக்கானன் பின்னாளில் இலண்டனில் மழலையர் பள்ளி நடத்த அழைக்கப்பட்டார்.

எனினும் ஆலையின் முதல் பலர்க்கு உரியது. கூட்டாளிகளுள் ஒருவரான வில்லியம் ஆலன் ஆழ்ந்த சமயப்பற்றுடைய குவேக்கர்; அடிமை வாணிகத்தை எதிர்த்தவர்; நன்மையே நாடியவர். அவர்க்கு நடனம் உவப்பன்று. திருமறைப் பாடம் போதாது என்றும் கருதினார். 1824இல் கூட்டாளிகள் பள்ளியின் முறைகளை மாற்றினர்; ஆடற்பாடத்திற்குப் பொதுப்பணம் மறுக்கப்பட்டது. பள்ளி நடத்தும் அறக்கட்டளையினர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுதல் தகும்: இரு சாராரும் நல்லவர்களே, குழந்தைகளை ஒருவரும் கேட்டிலர். ஓவன் மனம் கசந்து, புதுக் குடியிருப்பு ஒன்றை அமைக்க அமெரிக்கா சென்றார்.

ஆலை மட்டும் 1968 வரை ஓடிற்று. பின்னர் இடியும் நிலையை எய்திய வீடுகளை ஓர் அறக்கட்டளை செப்பனிட்டது. 2001இல் யுனெஸ்கோ இவ்வூரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பள்ளிக் கட்டடம் இன்றும் ஆற்றங்கரையில் நிற்கின்றது.