தோட்டாவின் எல்லை: பிஸ்டல் தோட்டாவைச் சுடும் ரிவால்வர் வாங்கத்தக்கதா?

பிஸ்டலுக்கென அமைந்த தோட்டாவைச் சுடும் ரிவால்வரை வாங்குவது தகுமா என்பது பொதுவாக எந்திரவியல் கேள்வியாகவே எழுப்பப்படுகிறது. பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் இதனை எண்ணிப் பார்ப்பாராயின், அவருக்குரிய விடை பெரும்பாலும் சட்ட வரலாற்றில்தான் கிடைக்கும்.

இத்தகைய ரிவால்வர் பெருமளவில் தோன்றியது பற்றாக்குறையால். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, அதன் படைக்குரிய .45 தானியங்கிப் பிஸ்டல்கள் போதிய அளவில் இல்லை. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகிய இரு நிறுவனங்களும் தம்மிடமிருந்த பெரிய ரிவால்வர்களை அதே பிஸ்டல் தோட்டாவுக்கு ஏற்பத் திருத்தி, ஏறத்தாழ 3,00,000 எண்ணிக்கையில் தந்தன. இடர் ஒன்று இருந்தது. ரிவால்வர் தோட்டாவின் அடியில் புடைத்து நிற்கும் விளிம்பைப் பற்றியே வெற்றுக்கூடு வெளியே தள்ளப்படும். பிஸ்டல் தோட்டாவுக்கோ அவ்வாறு புடைத்த விளிம்பில்லை. மூன்று தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் அரைவட்டத் தகடு அதற்குத் தீர்வாயிற்று. 1920இல் பீட்டர்ஸ் நிறுவனம் தடித்த விளிம்புடன் தனித் தோட்டாவே வெளியிட்டது. ஆக, இந்த ரிவால்வரின் உண்மையான மதிப்பு ஒன்றே: படைக்கிடங்கில் குவிந்திருக்கும் தோட்டாவை அதுவும் சுடும்.

இந்தியாவில் சட்டம் தடுக்க முனைந்தது துல்லியமாக இதனைத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், .450 போர் துப்பாக்கிகள் இந்தியாவுக்குள் வருவதற்குப் பிரித்தானிய அரசு தடை விதித்தது. மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கியின் தோட்டா கலகக்காரர் கைக்குச் சென்றால் பயன்பட்டுவிடும் என்பதே அச்சம். வேட்டைத் துப்பாக்கி செய்வோர் .465, .470 எனப் புதிய அளவுகளைப் படைத்து அத்தடையைச் சுற்றி வந்தனர். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காலனியச் சட்டத்தை அகற்றிற்று, அச்சத்தை அகற்றவில்லை. தடைசெய்யப்பட்ட போர்களாக விதிகளில் இடம்பெற்ற .303, .380, .455, 9 மி.மீ. ஆகியவை படையும் காவல்துறையும் கையாண்ட அளவுகளே. அப்பட்டியலில் விளிம்பற்ற .45உம் உண்டு, 1917ஆம் ஆண்டு ரிவால்வர் சுடுவது அதைத்தான்.

அரசின் தோட்டா வேறு, குடிகளின் தோட்டா வேறு என்னும் இப்பாகுபாடு எல்லையோர மக்களுக்கு ஏட்டளவிலான செய்தியன்று. 1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்நாட்டுடன் இணையக் கோரியவர்கள் மீது காவல்துறை சுட்டது. இரு நிகழ்வுகளிலும் துப்பாக்கி அரசின் கையில் இருந்தது.

குடிகளுக்கு எஞ்சியவற்றுள் முதன்மையானது .32. குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது, ஏனெனில் அவ்வொரே எண்ணுக்குள் இரு தோட்டாக்கள் உள்ளன. கான்பூர் அரசு ஆலையின் ரிவால்வர் சுடுவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், அது விளிம்புடையது. ‘அஷானி’ பிஸ்டல் சுடுவது பிரௌனிங் வடிவமைத்த .32 ஏசிபி, அதன் விளிம்பு மிகச் சிறிது. இரண்டும் தடைசெய்யப்படாத போர் என்ற ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. உடலளவு நெருங்கியிருப்பதால் பிஸ்டல் தோட்டா ரிவால்வரின் அறைக்குள் அமர்ந்துவிடக்கூடும். அமர்வதால் பொருந்தியதாகாது: அதன் அழுத்தம் கூடுதல். வெப்ளி வழிவந்த மடிப்பு ரிவால்வருக்கு அது உரியதன்று. கூடு வெளியேற்றியிலிருந்து நழுவவும் செய்யும். இரண்டையும் ஒரே ரிவால்வரில் சுடலாம் என்று கூறி விற்பவரிடம் வாங்காமல் திரும்புவதே நலம்.

தோட்டாவையே சேர்த்து எண்ணினால் முடிவு கடினமில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. இரண்டில் ஒன்றை அரிய வடிவத்துக்கு ஒதுக்குவது சேகரிப்பாளருக்கு இன்பம் தரலாம். தற்காப்புக்கென வாங்குபவருக்கு வீண். ரிவால்வரே வேண்டுமெனில் விளிம்புடைய .32, பிஸ்டல் தோட்டாவே வேண்டுமெனில் பிஸ்டல்: அமெரிக்கச் சந்தையில் இத்தெரிவு மிகைக் கண்டிப்பாகத் தோன்றலாம், இங்கே தோன்றாது. தோட்டாவும் எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டு, உரிமத்தின் பேரில்தான் கிடைக்கும்.

பாறசாலைக்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிற்று. உரிமம் அதில் குறிக்கப்பட்ட பரப்புக்குள் மட்டுமே செல்லும். கேரளத்துக்கு மட்டும் உரிமம் பெற்ற ஒருவர் களியக்காவிளைச் சந்தைக்குப் புறப்படும்போது ரிவால்வரை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.