இராயபுரம் ரயில் நிலையம்

வடசென்னையில் கடற்கரை நிலையத்துக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் இடையே உள்ள ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து புறப்பட்டது. பம்பாயில் 1853இலும் ஹவுராவில் 1854இலும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டாலும், அங்கே முதலில் எழுந்த நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இராயபுரம்தான்.

இந்த வட்டாரத்துக்குத் தண்டவாளம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலைக் கல் கொண்டுவர 1837இல் ஒரு பாதை போடப்பட்டது, அது நிலைக்கவில்லை. 1845இல் லண்டனில் உருவான மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் முயற்சி பல ஆண்டுகள் இழுபட்டு, 1853 ஜூன் 9 அன்றுதான் வேலை தொடங்கியது. கம்பெனியின் பங்குதாரர்களுக்கு வட்டி உறுதி தரப்பட்டது. லாபம் அதற்குக் குறைந்தால் இந்திய வருவாயிலிருந்து ஈடுகட்டுவது ஏற்பாடு. ஆகவே இந்தப் பாதையில் நம் குடியானவர்களின் வரிப்பணமும் உண்டு. இதைச் சொல்லாமல் ஆளுநர்களின் பெயரை மட்டும் சொல்வது நியாயமல்ல.

துறைமுகமும் இன்றைய ஜார்ஜ் டவுனின் வணிகத் தெருக்களும் பக்கத்திலிருந்ததால் இராயபுரம் தேர்வானது. வில்லியம் அடெல்பி டிரேசி வடிவமைத்த கட்டடத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28இல் திறந்துவைத்தார். முகப்பின் உயர்ந்த தூண்கள் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. மூன்று நாள் கழித்து, சிம்சன் கம்பெனி சென்னையிலேயே செய்த பெட்டிகளில் ஆளுநரும் சுமார் 300 ஐரோப்பியரும் வாலாஜா ரோடுவரை, ஏறத்தாழ 100 கி.மீ. சென்றார்கள். அன்றே இன்னொரு ரயில் திருவள்ளூருக்குப் போனது. முதல் ரயில் ஆம்பூர் சென்றதாகச் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல, அன்று பாதை வாலாஜாவைத் தாண்டியிருக்கவில்லை.

பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என மேற்கே செல்லும் இன்றைய பாதை அந்தத் தடமே. பழைய ராணுவக் குடியிருப்பான பூந்தமல்லியை அது தொடாமல் வடக்கே விலகிப் போனது. 1862க்குள் பாதை மலபார்க் கரையின் பேப்பூரை எட்டி, இரு கடற்கரைகளையும் இணைத்தது.

1873இல் சென்ட்ரல் வந்ததும் இராயபுரத்தின் முதன்மை குறையத் தொடங்கியது. 1922இல் இங்கிருந்த ரயில்வே நிர்வாக அலுவலகமும் சென்ட்ரலை ஒட்டிய புதிய மாளிகைக்குப் போனது. நெடுங்காலம் கவனிப்பாரற்றுச் சிதைந்த கட்டடம் 2005இல் புதுப்பிக்கப்பட்டது. இதை மீண்டும் ஒரு முனையமாக்க வேண்டும் என்பது வடசென்னை மக்களின் பழைய கோரிக்கை. இங்கே தென்னிந்திய ரயில் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமும் அமைய வேண்டும்.

ஆவடி, அம்பத்தூரிலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயில் இராயபுரம் வழியாகவே போகிறது. ஒருமுறை அங்கே இறங்கிப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடத்தைக் காட்டுங்கள்.