விசித்திரசித்தன் என்னும் அரும்பெயர்

பெயரென்பது ஒருவனை மற்றொருவனினின்று பிரித்தறிதற்கு இட்ட குறி மாத்திரமன்று. இட்டவர் உள்ளத்திலிருந்த அன்பும், பக்தியும், முன்னோர் நினைவும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. 'பெயரன்' என்னும் சொல்லே மருவிப் 'பேரன்' ஆயிற்று. பாட்டன் பெயரைத் தாங்கி நிற்பவன் என்பது அதன் பொருள். ஆகவே பெயரிடுதலை நம் முன்னோர் விளையாட்டாகக் கருதாது, குடும்பத்தார்க்குரிய கடமைகளுள் ஒன்றாகவே கருதினர். நம் நாட்டில் ஒருகாலத்து வேந்தனொருவன் விரும்பிப் பூண்டதும், பின்னர் மக்கள் வழக்கில் ஏறாது கல்லிலே நின்றுவிட்டதுமான ஓர் அரிய பெயரை இத்திங்கள் ஆராயப் புகுகின்றோம்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உளது. அவ்வூர்க் குன்றைக் குடைந்து செய்த கோயிலொன்று இன்றும் அழியாதிருக்கின்றது. முகப்பில் இரண்டு பருத்த தூண்களும், இருபுறமும் வாயிற்காவலர் உருவங்களும், உட்சுவரில் மூன்று மாடங்களும் உள. மாடங்களில் இப்பொழுது மூர்த்தங்கள் இல்லை. தொண்டைமண்டலத்துக் குடைவரைகளுள் இதுவே காலத்தால் முந்தியது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. அங்கே பல்லவ கிரந்த எழுத்தில், வடமொழியில், சிறிய கல்வெட்டொன்று காணப்படுகிறது. செங்கல்லும், மரமும், உலோகமும், சுதை எனப்படும் சுண்ணச்சாந்தும் இன்றி, பிரமன், ஈசுவரன், விஷ்ணு ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் என்னும் அரசனால் இவ்வாலயம் ஆக்கப்பட்டது என்பது அதன் கருத்து.

இக்கல்வெட்டில் மகேந்திரன் என்னும் பெயர் இல்லை. பல்லவர் என்னும் சொல்லும் இல்லை. அரசனுடைய தந்தை பெயரோ, ஊரோ, ஆண்டோ யாதும் குறிக்கப்படவில்லை. விசித்திரசித்தன் என்ற ஒரு பெயரே உளது. அப்பெயருடையான் கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், சிம்மவிஷ்ணுவின் மைந்தன், என்பது அவனுடைய ஏனைய கல்வெட்டுக்களோடு ஒப்புநோக்கித் துணியப்பட்டதாகும். தன் புதுமுயற்சியைக் கல்லில் அறிவிக்க விரும்பிய அரசன், தாய்தந்தையர் இட்ட பெயரை விடுத்து இப்பெயரைத் தேர்ந்தது ஏன்? அதன் பொருளை நோக்கின் விடை புலனாகும்.

'விசித்திரம்', 'சித்தம்' என்னும் இரண்டு வடசொற்களின் சேர்க்கை இது. விசித்திரம் என்பதற்குப் பலவண்ணமுடையது, வியப்பைத் தருவது, புதுமையானது என்பன பொருள். சித்தமாவது மனம், 'தங்கள் சித்தம்' என்று நாம் பெரியோரிடம் பணிந்துரைக்குமிடத்து வழங்குவதும் இதுவே. எனவே 'வியத்தகு புதுமைகளை நாடும் மனமுடையான்' என்பது தேர்ந்த பொருளாம். மகாபாரதத்து விசித்திரவீரியன் பெயரும் இவ்வாறே அமைந்தது. அக்காலத்துக் கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் மரத்தாலும் ஆயினமையின் காலத்தால் அழிந்தொழிந்தன. அவ்விரண்டையும் விலக்கி, மலையையே கோயிலாக்கத் துணிந்தவன் தன் மனத்தின் இயல்பையே தன் பெயராகப் பொறித்தான். செயலும் பெயரும் ஒன்றையொன்று விளக்கி நிற்கின்றன.

நிற்க. இவ்வரசனுக்கு இஃதொன்றே பட்டமன்று. பல்லாவரத்துக் குடைவரையில் அவன் பட்டங்கள் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. குணங்களைத் தாங்குபவன் என்னும் பொருளில் குணபரன்; பகைவரோடு மல்லாடுபவன் என்னும் பொருளில் சத்துருமல்லன்; ஓவியரிற் புலிபோன்றவன் என்பதற்குச் சித்திரகாரப்புலி; ஆலயம் எடுப்பிப்பவன் என்பதற்குச் சேத்தகாரி. பகாப்பிடுகு என்பதும் ஒன்று. இதிலுள்ள 'பிடுகு' இடியைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லாகும். மத்தவிலாசன் என்பது இவன் இயற்றிய நகைச்சுவை நாடகத்தின் பெயராகவும் அமைந்தது. அந்நாடகம் 1917-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியாரால் அச்சிடப்பெற்று உலகிற்கு வெளிப்பட்டது.

இப்பட்டங்களை அவன் கோயில்களுக்கும் ஊர்களுக்கும் ஏரிகளுக்கும் சூட்டினான். மண்டகப்பட்டுக்கு அணித்தேயுள்ள தளவானூர்க் குடைவரை சத்துருமல்லேசுவரம் எனப் பெற்றது. சீயமங்கலத்தில் அவனிபாஜனன் என்ற பட்டமும், திருச்சிராப்பள்ளி மலையில் லளிதாங்குரன் என்ற பட்டமும் இறைவன் திருக்கோயிற் பெயராயின. மகேந்திரவாடியிலோ ஊரும், ஏரியும், திருமால் கோயிலும் ஆகிய மூன்றும் மகேந்திரன் பெயரையே பெற்றன. திருவதிகையில் எழுந்த குணபரவீச்சரத்தைப் பெரியபுராணம் எடுத்துரைக்கின்றது. செங்கற்பட்டுக்கருகிலுள்ள வல்லத்தில், இவன் அடியானாகிய வயந்தப்பிரியரசர் மகன் கந்தசேனன் எடுப்பித்த குடைவரையில் அரசன் பட்டங்கள் தமிழிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. ஆண்டான் பட்டத்தைச் சொல்லித் தன் பெயரையும் தந்தை பெயரையும் அதனருகே வைத்தான் அவ்வடியான். அதனாலன்றோ அவ்விருவரையும் நாம் இன்று அறிகின்றோம்!

இத்துணைப் புகழ்பெற்ற பெயர் பின்வந்தோரிடம் ஏன் பரவவில்லை? பல்லவர் வமிசாவளியே இதற்கு முதல் விடை தருகின்றது. முதலாம் மகேந்திரனின் மகன் முதலாம் நரசிம்மன். நரசிம்மனின் மகன் இரண்டாம் மகேந்திரன். அவன் மகன் முதலாம் பரமேசுவரன். அவன் மகன் இராசசிம்மன் எனப்பெற்ற இரண்டாம் நரசிம்மன். அவன் மகன் இரண்டாம் பரமேசுவரன். பாட்டன் மகேந்திரனாயின் பேரனும் மகேந்திரனே. பாட்டன் பரமேசுவரனாயின் பேரனும் பரமேசுவரனே. நம் வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம் காஞ்சி அரண்மனையிலும் இருந்ததென்பது இதனால் விளங்கும். ஆயின் பேரனுக்கு இறங்கியது பிறப்பில் இட்ட பெயரேயன்றிப் பட்டப்பெயரன்று. பட்டம் அவனவன் செயலால் எய்துவது. பெயரோ குடிவழியாக வருவது. விசித்திரசித்தன் என்பது செயலைப் பற்றிய பட்டமாதலின் குடிவழியில் இறங்காது நின்றது.

இரண்டாவது காரணம் சொற்பொருள் மாற்றம். முன்பு வியப்பையும் அழகையும் உணர்த்திய 'விசித்திரம்' என்னும் சொல், பேச்சுவழக்கில் 'இயல்புக்கு மாறானது' என்னும் பொருளில் வழங்கலாயிற்று. 'விசித்திரமான ஆள்' என்பது இக்காலத்துப் புகழுரையன்று. மேலும், மனத்தைக் குறிக்கும் 'சித்தம்', சித்திபெற்றோரைக் குறிக்கும் 'சித்தர்' ஆகிய இரண்டும் வடமொழியில் வெவ்வேறு எழுத்துக்களாயினும் தமிழெழுத்தில் ஒன்றாகவே நிற்கின்றன. ஆதலின் இப்பெயரைக் கேட்போர் யாரோ ஒரு சித்தர் என மயங்குதலும் உண்டு. மூன்றாவது, நம்மவர் பெரும்பாலும் தெய்வத்தின் பெயரையோ பாட்டன் பாட்டியர் பெயரையோ இடுபவர். இப்பெயர் இரண்டிலும் சேராது. ஒன்பதெழுத்துப் பெயரை நாள்தோறும் அழைத்தல் தாய்மார்க்கு எளிதுமன்று.

பல நூற்றாண்டு உறங்கிய இப்பெயரைத் தமிழர் வீடுதோறும் கொண்டுசென்றவர் கல்கி அவர்கள். 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்த 'சிவகாமியின் சபதம்' என்னும் நவீனத்தில் மகேந்திர பல்லவரை அவர் விசித்திர சித்தராகவே நடமாடவிட்டார். கல்வெட்டு அறிஞர் சிலரே அறிந்திருந்த பட்டத்தை அதன்பின் கதை படிக்கும் சிறுவரும் அறிந்தனர். ஆயினும் மகேந்திரன், நரசிம்மன், சிவகாமி என்னும் பெயர்களைப்போல் இது பிள்ளைகளுக்கு இடும் பெயராகவில்லை. மகேந்திரன் என்று பெயருள்ளார் அனைவரும் பல்லவனை நினைந்து பெயர் பெற்றவரல்லர் என்பதையும் ஈண்டுக் கூறவேண்டும். அச்சொல்லுக்குப் பெருமைமிக்க இந்திரன் என்பதே பொருளாதலின், பல்லவனை அறியாதாரும் அதனை இட்டு வழங்குவர்.

இனி நம் சங்கத்தார் கருதத்தக்கதொன்று உண்டு. பழைய அரசர் பட்டங்களைத் தத்தம் குலத்துக்கே உரியனவென்று பல வகுப்பினரும் ஏடுகளில் எழுதிவந்துள்ளனர். மண்டகப்பட்டுக் கல்லை நோக்குமின்! அதில் குலப்பெயர் ஏதும் இல்லை. அரசன் தன் குலத்தையே அங்குக் கூறவில்லை. தான் செய்ததைக் கூறினான். தன் மனம் எத்தகையதென்று கூறினான். அவன் கூறாததை நாம் ஏற்றியுரைப்பது அவனுக்கும் பெருமையன்று, நமக்கும் பெருமையன்று. பட்டத்தால் குலம் நாட்டப் புகுவோர்க்கு அக்கல் தரும் சான்று யாதுமில்லை. உழைப்பால் பெயர் நாட்டப் புகுவோர்க்கோ அதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை.

ஆகவே அன்பர்காள்! குழந்தைகட்குப் பெயர் தேடுங்கால் பாட்டன் பாட்டியர் பெயரை முதலிற் கேண்மின். அவர்தம் வாழ்வையும் தொழிலையும் பெயரோடு சேர்த்து எழுதிவைமின். எழுதி வையாத பெயர் மூன்று தலைமுறையில் மறைந்துவிடும். அரும்பெயர் வேண்டுவோர் அதன் பொருளை நன்கு ஆராய்ந்து, பிள்ளை வளர்ந்து கேட்கும் நாளில் தெளிவாகச் சொல்லும் அளவிற்கு அறிந்து இடுக. விசித்திரசித்தன் என்றே ஒருவர் தம் மகனை அழைப்பினும் நாம் மகிழ்வோம். அழையாவிடினும் குறையில்லை. பிள்ளைகளை ஒருமுறை மண்டகப்பட்டுக்கு அழைத்துச் சென்று, செங்கல்லும் மரமுமின்றி நிற்கும் அக்கோயிலைக் காட்டி, அப்பெயரை அவர்கள் வாயாற் சொல்லச் செய்தலே போதும்.