நாற்றுக்கு முன் நீர்: எண்ணூர்க் கழிவெளியும் தமிழக அலையாத்திக் காட்டு மேலாண்மையின் வரலாறும்

வள்ளூர் அணைக்கட்டைத் தாண்டியதும் கொசஸ்தலை ஆறு ஆறாக இருப்பதை விட்டுக் கழிமுகமாகிறது. அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, எண்ணூர் முகத்துவாரம் எனப் பரந்து கிடக்கும் இந்தச் சேற்று நிலத்தின் ஓரங்களில் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம் இன்றும் வளர்கிறது. 1,500 மெகாவாட் திறனுள்ள வள்ளூர் அனல்மின் நிலையம், வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் இயங்கத் தொடங்கிப் பின்னர் காமராசர் பெயர் பெற்ற துறைமுகம், அனைத்தும் இதே கழிவெளியைச் சுற்றித்தான் நிற்கின்றன. இங்கே காட்டை மீட்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எத்தனை நாற்றுகள், எத்தனை ஏக்கர் என்ற கணக்கே முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் தமிழகக் கடற்கரையில் அலையாத்திக் காடுகளை நிர்வகித்த நூறாண்டு அனுபவம் வேறு பாடத்தைத் தந்திருக்கிறது. அந்தக் காடு அழிந்ததும் மீண்டதும் மரத்தின் எண்ணிக்கையால் அல்ல, சேற்றுக்குள் நீர் வந்து போகும் வழியால்தான். எண்ணூரில் நீர்வழியைச் சீர்செய்யாமல் நடப்படும் நாற்று வனவியலே ஆகாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சென்னை மாகாணத்தில் வன நிர்வாகம் 1856இல் ஹியூ கிளெக்ஹார்ன் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டதோடு தொடங்குகிறது. டீட்ரிச் பிராண்டிஸ் வகுத்த ஜெர்மானிய வனவியல் முறை 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தோடு வேரூன்றியது. அதன் பார்வையில் காடு என்பது வெட்டத்தக்க மரத்தின் இருப்பு. ஆண்டுதோறும் வளரும் அளவுக்கு மிகாமல் வெட்டினால் இருப்பு குறையாது. 1713இல் சாக்சனியில் கார்லோவிட்ஸ் எழுதிய நூலிலிருந்து வளர்ந்த இந்தக் கருத்துதான் இன்று நாம் பேசும் நீடித்த வன மேலாண்மையின் தாய். அதன் நல்ல நோக்கத்தை நான் மறுக்கவில்லை. விறகுக்குத் தவித்த நகரத்தில் அந்தக் கணக்குக்குத் தேவையும் இருந்தது. 1806இல் பேசில் காக்ரன் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய், வடக்கே நீண்டு பக்கிங்காம் கால்வாயாகி, விறகையும் உப்பையும் நகரத்துக்குச் சுமந்தது. கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் எரிபொருளுக்காகவே வளர்க்கப்பட்டன. கழிமுகமோ இந்தக் கணக்கில் படகு போகும் வழி, உப்பு விளையும் பாத்தி. அதன் கண்டல்களுக்கு விறகு என்பதற்கு மேல் மதிப்பு இல்லை.

இதன் விளைவைப் பிச்சாவரத்தில் மிகத் தெளிவாகக் காணலாம். சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970கள் வரை கூப்பு முறை நடந்தது. காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூப்பையும் முற்றாக வெட்டி, மறுவளர்ச்சிக்கு விட்டு, சுழற்சியாகத் திரும்பி வருவது அதன் நடைமுறை. மலைக் காட்டில் ஓரளவு பலித்த முறை சேற்றில் பலிக்கவில்லை. வெட்டிய இடங்கள் பல பத்தாண்டுகள் மொட்டையாகவே கிடந்தன. விறகு பொறுக்கும் ஊரார் மீதும் மாடுகள் மீதும் பழி போட்டார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடு சேர்ந்து 1990களில் மேற்கொண்ட ஆய்வு, பழியை உரிய இடத்துக்கு நகர்த்தியது. மரநிழல் போனதும் சேறு நேராக வெயிலில் காய்ந்தது. மண்ணுக்குள் இருந்த நீர் ஆவியாகித் தரை அமிழ்ந்தது. சுற்றிலும் மரம் நின்ற மண் உயரமாகவும் வெட்டிய இடம் தொட்டி போலவும் ஆயிற்று. ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியேற முடியாமல் தேங்கியது. தேங்கியது காய்ந்து உப்பானது. அந்த உப்பில் கண்டல் விதை முளைக்கவில்லை. அளந்து வெட்டிய கூப்புகளே காட்டைக் கெடுத்தன என்ற முடிவு வனவியலாளர்களுக்கு எளிதில் விழுங்கக் கூடியதாக இருந்திருக்காது. ஆனாலும் வனத்துறை அதை ஏற்று அதன் வழியில் வேலை செய்தது. இதைப் பாராட்டியே ஆக வேண்டும்.

தீர்வும் மண்வெட்டியிலிருந்துதான் தொடங்கியது. தொட்டியான நிலத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து சாய்கோணத்தில் இருபுறமும் சிறு வாய்க்கால்கள் என மீன்முள் வடிவில் வெட்டப்பட்டன. ஏற்றவற்றம் உள்ளே நுழைந்து உப்பைக் கழுவிச் சென்றது. அதற்குப் பிறகே கரைகளில் நாற்று நடப்பட்டது. 1986ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் படங்களை 2002ஆம் ஆண்டின் படங்களோடு ஒப்பிட்ட ஆய்வு, பிச்சாவரத்தில் காட்டுப் பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியதைக் காட்டியது. 1990ஆம் ஆண்டின் கூட்டு வன மேலாண்மைச் சுற்றறிக்கை தந்த இடத்தைப் பயன்படுத்தி, ஊர்க்குழுக்கள் இந்தப் பணியில் சேர்க்கப்பட்டன. வாய்க்கால் ஆண்டுதோறும் தூர்ந்துபோகும். தூர்வாரும் ஊர் இல்லையென்றால் சில பருவங்களில் மறுபடி தொட்டிதான். திட்டப் பணம் நின்றதும் குழுக்கள் தளர்ந்துபோவது கூட்டு வன மேலாண்மையின் நாடறிந்த குறை. ஆகவே ஊராரின் பங்கு வாழ்வாதார உதவியோடு முடிவதல்ல. நீர்வழிப் பராமரிப்பே அவர்கள் பங்கு என்று நான் கருதுகிறேன்.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. ஃபுளோரிடாவில் சூழலியலாளர் ராபின் லூயிஸ் பல பத்தாண்டுகளாக வலியுறுத்தியது, தரையின் உயரத்தையும் ஓத நீர் நிற்கும் நேரத்தையும் சரிசெய்தால் விதைகள் தாமே வந்து சேரும், நடுவது கடைசி வழி என்பது. இதைக் கேட்காத இடங்களில் என்ன நடந்தது என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. சுனாமிக்குப் பின் இலங்கையில் மேற்கொள்ளப்பட்ட கண்டல் நடவுகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த கட்டுரை, 23 இடங்களில் ஒன்பதில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை என்றது. கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே பாதிக்கு மேல் பிழைத்தன. 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை முயன்றதில் ஐந்தில் ஒரு பங்குதான் காடாயிற்று. தவறான உயரத்தில் நட்டதும் நட்டபின் கவனிக்காததும் முக்கியக் காரணங்கள்.

இனி எண்ணூர். பிச்சாவரத்தில் கோடாரி செய்ததை இங்கே சாம்பலும் கட்டுமானமும் செய்திருக்கின்றன. மேலிருந்து வரவேண்டிய நன்னீரை 1944இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் நகரத்தின் குடிநீருக்காகப் பிடித்துக்கொள்கிறது. மழைக்காலம் தவிர ஆண்டின் பெரும்பகுதியில் கழிவெளிக்கு ஓத நீரே ஆதாரம். அந்த ஓதம் நுழையும் முகத்துவாரத்தை மணல் மேடு அடைக்கிறது. உள்ளே வடசென்னை நிலையத்தின் சாம்பல், செப்பாக்கம் குளத்துக்குப் போகும் குழாய்களின் கசிவு வழியே ஆற்றுப் படுகையில் படிந்தது. வள்ளூர் நிலையத்தின் சாம்பல் குளமும் குருவிமேட்டுப் பக்கம் கழிவெளியை ஒட்டியே அமைந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு 2022இல் இந்த மாசைக் கண்டித்துச் சாம்பலை அகற்றவும் கழிவெளியை மீட்கவும் உத்தரவிட்டது. சாம்பல் வெறும் நஞ்சு மட்டுமல்ல. அது தரையை உயர்த்துகிறது. சில அங்குலம் உயர்ந்தாலே ஓதம் எட்டும் இடம் எட்டாத இடமாகிவிடும். பிச்சாவரத்தில் தரை தாழ்ந்து நீர் தேங்கியது, இங்கே தரை மேடாகி நீர் வராமல் போகிறது. இரண்டிலும் கெடுவது ஒரே இயக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், வெண்கண்டலின் மூச்சு வேர்களில் கறுப்பாகப் படிந்தது. சேற்றுக்கு மேல் நீட்டியிருக்கும் அந்த வேர்களின் துளைகள் வழியேதான் மரம் காற்றை எடுக்கிறது.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. கழிவெளி வனத்துறையின் காப்புக்காடு அல்லவே, அதற்கு வன மேலாண்மை எப்படிப் பொருந்தும் என்பது முதலாவது. ஆவணத்தில் எழுதப்பட்டதா என்று பாராமல் அகராதிப் பொருளில் காடாக இருப்பதைக் காடாகக் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பரில் சொன்னது. 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்த அகலத்தைக் குறைத்துவிட்டது. இருந்தாலும் சட்டப் பெயரை வைத்துக் காட்டின் எல்லையைத் தீர்மானிப்பது அறிவியலுக்கு ஒவ்வாது. இந்திய வன அளவீட்டு நிறுவனம் பத்து விழுக்காடு இலைக்கவிப்பு இருந்தால்தான் ஒரு நிலத்தைக் காட்டுப் பரப்பாகக் கணக்கிடுகிறது. 2021 அறிக்கைப்படி தமிழகத்தில் கண்டல் காடு 45 சதுர கிலோமீட்டர். அந்தக் கணக்கில் மரமில்லாத சேற்றுத் திட்டுக்கும் ஓடைக்கும் இடமில்லை. அவை இல்லாமல் கரையோரக் கண்டலுக்கு வாழ்வும் இல்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. வெண்கண்டல் மிகவும் தாங்கும் மரம், எண்ணூரிலேயே அது தானாக முளைக்கிறது, நட்டால் என்ன தவறு என்று கேட்கிறார்கள். தானாக முளைக்கும் இடத்தில் நாற்றங்கால் எதற்கு என்பதே என் பதில். முளைக்காத இடத்தில் நீரோ உயரமோ சரியில்லை. அங்கே நட்டாலும் நிற்காது. அதோடு, திறந்த சேற்றுத் திட்டு வெறும் நிலமல்ல. எண்ணூர்க் குப்பங்களின் மீனவர்களும் இருளர்களும் இறால் பிடிக்கும் இடம் அது. அதில் ஒரே வகைக் கண்டலை வரிசையாக நடுவது ஒரு வாழிடத்தை அழித்து இன்னொன்றைச் செயற்கையாக உண்டாக்குவதாகும்.

மூன்றாவதாக, கண்டல் காடு சுனாமியைத் தடுத்தது, கரிமத்தைச் சேமிக்கிறது, ஆகவே எப்படியாவது பரப்பைக் கூட்டுவோம் என்பார்கள். பரங்கிப்பேட்டைக் கரையில் 18 குப்பங்களை ஆராய்ந்து 2005இல் வெளியான கட்டுரை, கண்டல் சுனாமிச் சேதத்தைக் குறைத்தது என்றுதான் சொன்னது. மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து, கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமுமே சேதத்தைப் பெரிதும் விளக்குகின்றன என்று காட்டினார்கள். அலையைத் தடுக்கும் சுவர் என்ற வாதத்தின் மேல் எண்ணூரின் காப்பை நிறுத்த நான் விரும்பவில்லை. கரிம விஷயத்தில் சான்று உறுதியானது: இந்தோ-பசிபிக் கண்டல் காடுகளை அளந்த 2011ஆம் ஆண்டின் ஆய்வு ஹெக்டேருக்குச் சராசரி 1,023 டன் கரிமத்தைக் கண்டது. அதில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. அந்த மண் நீர்வழியால்தான் நிலைக்கும்.

மின்சாரம் வேண்டாமா என்பது கடைசிக் கேள்வி. வேண்டும். ஆனால் சாம்பல் ஆற்றில் விழுவது மின் உற்பத்தியின் நிபந்தனை அல்ல. 2021 டிசம்பர் 31 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, அனல்மின் நிலையங்கள் தம் சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்றும், தேங்கிய பழைய சாம்பலைப் படிப்படியாகத் தீர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதைச் செயல்படுத்துவதற்கு எந்த உலையையும் அணைக்க வேண்டியதில்லை.

2023 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய மிஷ்டி திட்டம் ஐந்தாண்டுகளில் 540 சதுர கிலோமீட்டரில் கண்டலை மீட்கவும் வளர்க்கவும் இலக்கு வைத்திருக்கிறது. தமிழ்நாடும் தன் பங்குக்கு நடவு செய்கிறது. எண்ணூருக்கு இந்தப் பணம் வரும்போது முதல் செலவு படுகையின் உயரத்தை அளப்பதற்கும், ஓதம் எட்டும் எல்லையைக் குறிப்பதற்கும், சாம்பலை அள்ளுவதற்கும் ஆகட்டும். அந்த அளவீட்டை ஆண்டுதோறும் தமிழில் வெளியிடுங்கள். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களுக்கு எந்த ஓடை எப்போது தூர்ந்தது என்பது தெரியும். அளவீட்டுக் குழுவில் அவர்களுக்கு வாக்குரிமையோடு இடம் கொடுங்கள். நாற்று அதற்குப் பிறகு வரட்டும்.