இரை எலிக் கூட்டங்களின் நலம்

பாம்பு, ஆந்தை போன்றவற்றுக்கு இரையாக வெள்ளெலிகளும் சுண்டெலிகளும் கூட்டமாக வளர்க்கப்படுகின்றன. இக்கூட்டங்களை அதிகம் நலிவிப்பது சுவாச நோய். கூண்டில் தேங்கும் சிறுநீரைப் பாக்டீரியாக்கள் அமோனியாவாக மாற்றுகின்றன. அது மூச்சுக்குழலின் உட்பூச்சைப் புண்ணாக்க, மைக்கோபிளாஸ்மா கிருமி நுரையீரலுக்கு இறங்குகிறது. மூடியைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறினால் படுக்கையை மாற்றும் வேளை கடந்துவிட்டது. வெள்ளெலியின் கண்ணோரம் படியும் செந்நிறக் கசிவு இரத்தமன்று, போர்ஃபிரின். நோயின் அல்லது அழுத்தத்தின் அறிகுறி. படுக்கையாகக் கேதுரு மரத்தூளைத் தவிர்ப்பதே நல்லது. புதிய எலிகளைத் தனியே வைத்துக் கவனித்த பின்னரே சேர்க்க வேண்டும்.

சுண்டெலியின் சினைக்காலம் 19–21 நாள்; குட்டிகள் சுமார் 21ஆம் நாளில் பால் மறக்கும். ஈன்ற ஒரு நாளுக்குள்ளேயே தாய் மீண்டும் சினைப்படக்கூடும். ஆகவே ஆணைப் பிரித்துத் தாய்க்கு ஓய்வளிப்பது அவசியம். இரையாகப்போகும் உயிருக்கும் இந்த அக்கறை உரியது. குட்டிகள் சுமார் 21ஆம் நாளில் பால் மறக்கும்.